பத்து விரல் தெரு

கோயிலில் காப்புக் கட்டிய அன்று மத்தியானம், செருப்புக் கடை சகாதேவன் எங்கள் தெருமுனையில் உடைந்து கிடந்த சோடா பாட்டில் துண்டு ஒன்றை மிதித்துவிட்டு அவர் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டே இருக்க, முப்பது அடி தள்ளித் தன் டீக்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த தேசிங்கு "ஐயோ" என்று கத்தி, குவளையைக் கீழே போட்டுவிட்டு, இடது கால் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய விரலில் ஒரு கீறல்கூட இல்லை. சகாதேவன் போன வழியில்தான், அவர் போட்டிருந்த வெள்ளை சாக்ஸிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக அவர் வீட்டு வாசல் வரைக்கும் போயிருந்தது.

மறுநாள் காலை சகாதேவன் தன் வீட்டு வாசற்படியில் இடது கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டார்; எதிர்ப்பக்கம் கடைசி வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா, கோலப்பொடி டப்பாவோடு துள்ளிக் குதித்தாள். அதற்கடுத்த நாள் பந்தல் ஆணி ஒன்று அவருடைய வலது கால் நாலாம் விரலில் ஏறியது. கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டிருந்த நான், மெஷின் மூடியைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஒற்றைக் காலில் கடையைச் சுற்றி வந்தேன். நாலாம் நாள், சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்த தார் ரோட்டில் அவர் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியபோது, பத்து வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் எழுந்தது. அன்றைக்குச் சாயங்காலமே எங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் தெரு சின்னத் தெரு. கிழக்குக் கோடியில் திரௌபதி அம்மன் கோயில், கோயிலைப் பார்த்து நடந்தால் இடது கைப் பக்கம் ஐந்து வீடு, வலது கைப் பக்கம் ஐந்து வீடு. சகாதேவனுடைய இடது கால் விரல்களின் வலி இடது பக்க வீடுகளுக்கும், வலது கால் விரல்களின் வலி வலது பக்க வீடுகளுக்கும் வந்தது; கோயிலை ஒட்டிய வீட்டுக்குக் கட்டைவிரல், கடைசி வீட்டுக்குச் சுண்டுவிரல். வீட்டுக்கு ஒருவர் என்று அதுவே ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. தேசிங்கு வீட்டில் தேசிங்கு, கன்னியம்மா வீட்டில் கன்னியம்மா, எங்கள் வீட்டில் நான். யாருக்கு எந்த விரல் என்பதில் சண்டை வரக்கூடாது என்று நான் ஒரு படம் வரைந்து பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், அதைச் சிலர் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இதில் அதிசயப்பட்டுக்கொண்டு உட்கார எங்களுக்கு நேரமில்லை. கால் வலித்தால் வேலை கெட்டுப்போகும், அவ்வளவுதான். அதனால் விடியற்காலையில் ஆண்கள் கண்ணாடித் துண்டும் முள்ளும் இல்லாமல் தெருவைப் பெருக்கினோம், பெண்கள் மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வரும் நேரம் பார்த்து ரோட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், கன்னியம்மா தன் தம்பியைக் கொத்தனார் கரண்டியோடு வரவழைத்துச் சகாதேவன் வீட்டு வாசற்படியின் முனையை மழுங்கச் செதுக்கி வைத்தாள். அவர் நடந்தால் பத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் "பாத்து, பாத்து" என்று குரல் வந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்குச் சொல்வதுபோல, "லெப்டுல கல்லு இருக்குது அண்ணா" என்று சொன்னோம்.

அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. சகாதேவன் முப்பது வருஷமாகக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவர். வருகிறவர்களை உட்காரவைத்து, எதிரில் முட்டி போட்டு, அவர்கள் காலைத் தன் தொடையில் எடுத்து வைத்துக்கொண்டு, அளவுக்கோல் வைக்காமலேயே "எட்டு, கொஞ்சம் அகலமான எட்டு" என்று சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பேருடைய கால் ஆணியும் பித்தவெடிப்பும் அவருக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவருடைய காலை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டிலும் சாக்ஸ், கடையிலும் சாக்ஸ், கேட்டால் "யூனிபாரம்" என்பார். காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடியும்வரை பதினெட்டு நாளைக்குச் செருப்புப் போடக்கூடாது என்று வழக்கம். அதற்கு அவர் செருப்பைத்தான் கழற்றினார், சாக்ஸைக் கழற்றவில்லை. "சாக்ஸு இன்னா தோலா? நூலுதானே சாமி" என்று பூசாரியிடம் வாதாடி ஜெயித்துவிட்டார். தீமிதி அன்றைக்கு மட்டும் கழற்றுவார், அன்றைக்கும் இரண்டு காலிலும் கணுக்கால்வரை மஞ்சளையும் சந்தனத்தையும் அப்பிக்கொண்டு வருவார். அதையும் நாங்கள் பக்தி என்றே நினைத்தோம்.

தீமிதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், எங்கள் வெட்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று சகாதேவன் வேண்டிக்கொண்டு தீக்குழியில் இறங்கினார். முதல் மூன்று வருஷம் எல்லாரையும்போல "கோவிந்தா கோவிந்தா" என்று கத்திக்கொண்டு ஓடித்தான் கடந்தார், ஓடிப்போய்ப் பால்குழியில் விழுந்தார். நாலாம் வருஷம் ஓடவில்லை. ரேஷன் கடை வரிசையில் நகர்வதுபோல நிதானமாக நடந்தார், நடுக்குழியில் நின்றார், திரும்பி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார், பிறகு மெதுவாகக் கரையேறினார். அன்றைக்கே தேசிங்கு அவர் காலில் விழுந்தார், தேசிங்கு விழுந்ததைப் பார்த்து நாங்களும் விழுந்தோம். அதுவரைக்கும் மேட்டுத் தெருக்காரர்களிடம் இருந்த முதல் இறக்கம் என்ற மரியாதை, பரிவட்டத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தது. ஒன்பது வருஷமாக அந்த மரியாதையில்தான் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயில் முதலில் குடம் வைக்கிறார்கள். ஒன்பது வருஷமாகத் தேசிங்கு மேட்டுத் தெருக்காரர்களுக்கு டீயை அரை டம்ளருக்கு மேல் ஊற்றியதில்லை.

அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. கங்கின்மேல் நின்று திரும்பிப் பார்த்தது எங்களை ஆசீர்வதிக்க அல்ல. குழி முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று காலுக்குத் தெரியவில்லை, அதனால் கண்ணால் பார்த்தார். சக்கரை வியாதி என்று அவருக்கு அதற்கும் இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் லட்டு வைத்தால் தின்றார், வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்களே என்று தின்றார். மாத்திரையைக் கடையில் பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார், ஒளித்த இடம் மறந்தால் போடாமல் விட்டார். "சாமி எறங்குன காலு" என்று ஊர் சொல்லச் சொல்ல, அது வியாதி என்று சொல்லுகிற நாள் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் சொல்லவே முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

காப்புக் கட்டிய பத்தாம் நாள், காலில் காயமே இல்லாமல் வலி வலி என்று எங்கள் தெருவிலிருந்து வந்துபோனவர்களைப் பார்த்துக் குழம்பிப்போன ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர், குடையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். தேசிங்கு கடையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவரும் அதிசயப்படவில்லை.

"கால்ல கண்ணாடி ஏறியும் அவருக்குத் தெரியலன்னா அது அருள் இல்லீங்க, சுகரு. நரம்பு செத்துப்போச்சு. தெனம் பாதத்தக் கண்ணாடி வெச்சுப் பாக்கணும். வெறுங்கால்ல நடக்கவே கூடாது. தீ மிதிக்கிறாரா? யாருங்க அவர வுட்டது?"

தேசிங்கு ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை அவர் முன்னால் வைத்தார். "சிஸ்டர், ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன். திருவிழா முடியறவரைக்கும் இத வெளிய சொல்லாதீங்க. மேட்டுத் தெருக்காரன் காதுக்குப் போச்சுன்னா எங்க மானம் போயிடும்."

"அவரு காலு போயிடுமேங்க" என்றார் எஸ்தர்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தோம். ஒருவர் பேப்பரைப் பார்த்தார், ஒருவர் தெருவைப் பார்த்தார், நான் என் படத்தில் ஒரு கோடு கோணலாக இருக்கிறதே என்று பார்த்தேன். எஸ்தர் எழுந்து சகாதேவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். கடையில் வேலையாக இருக்கிறார் என்று அவர் மனைவி பூங்காவனம் சொன்னாள். உள்ளே சாக்ஸ் போட்ட கால் ஒன்று கட்டிலுக்கடியில் இழுத்துக்கொள்ளப்படுவதை எஸ்தர் பார்த்துவிட்டார். பூங்காவனத்தின் காலையும் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றிருந்தாள்.

பூங்காவனம் வீடு வலது பக்கம் இரண்டாவது வீடு. படத்தின்படி அவர்களுக்கு வலது கால் இரண்டாம் விரல், கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல். படம் வரைந்த அன்றைக்கு, ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதுபோல அவளிடமும் "உங்களுக்கு வலி வருதாக்கா?" என்று கேட்டேன். "எனுக்கு ஒண்ணியும் இல்ல" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் தை மாதத்திலிருந்தே அவள் நொண்டுகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பெண்கள் கவனித்திருந்தார்கள்: வலது கால் இரண்டாம் விரலில் அவளுக்கு மெட்டி இல்லை. புருஷன் உயிரோடிருக்க மெட்டியைக் கழற்றுகிறவள் எங்கள் பக்கத்தில் கிடையாது. என் மனைவி சரளா ஜாடையாகக் கேட்டதற்கு, "தேஞ்சு பூடுச்சு, ஆசாரிகிட்ட குடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். நாலு மாதமாகவா ஒரு மெட்டியை ஆசாரி தேய்த்துக்கொண்டிருப்பான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள், அவளிடம் கேட்கவில்லை.

எங்களுக்குக் காப்புக் கட்டிய அன்று ஆரம்பித்தது அவளுக்குத் தையிலேயே ஆரம்பித்திருந்தது. புதுச் செருப்பு கடித்து அவருடைய இரண்டாம் விரலில் ஒரு கொப்புளம் வந்து, அது உடைந்து, புண்ணாகி, சாக்ஸுக்குள்ளேயே கறுக்கத் தொடங்கியபோது, இங்கே அடுப்படியில் நின்ற பூங்காவனத்தின் விரல், பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல், நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது. மெட்டி பட்டாலே உயிர் போனது. எண்ணெய் போட்டுக் கழற்றி, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு புண்ணில் டெட்டால் ஊற்றுகிறபோதெல்லாம் அவள் கையிலிருந்து ஏதாவது பாத்திரம் விழுந்தது. முதலில் அவருக்கு அது விளங்கவில்லை. பிறகு நான் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார், தன் வீட்டுக்கு நேரே எழுதியிருந்த விரலின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் எங்களால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவளுக்கு வலிக்கக்கூடாது என்று, புண்ணுக்கு டெட்டால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். துணி மாற்றுவதை நிறுத்திவிட்டார். தொட்டால்தானே அவளுக்கு எரியும், தொடாமலே இருந்துவிடலாம் என்று, சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டு, அதன்மேல் பவுடரைக் கொட்டிக்கொண்டு, அந்த விரலை அப்படியே அழுக விட்டார். அவளோ பாத்திரம் விழுந்தால் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று, வலி வரும் நேரம் பார்த்துக் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து பழகிக்கொண்டாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே விரலை இரண்டு பக்கமும் நின்று மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் தேசிங்கு கடையில் தெரு கூடியது. இந்த வருஷம் அவர் இறங்கினால் பத்து வீடும் வேகும், இறங்காவிட்டால் பரிவட்டம் மேட்டுத் தெருவுக்குப் போகும், இதுதான் விஷயம். நியாயமாகப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டிய கூட்டம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசினோம். சகாதேவன் ஓரத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் பெஞ்சுக்கடியில் மடக்கி வைத்திருந்தார்.

"இந்த வருஷம் எனுக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிடலாமா?" என்றார் மெதுவாக. நாங்கள் யாராவது ஒருவர் "ஏண்ணா, இன்னா ஒடம்புக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

தேசிங்கு எழுந்து நின்றார். "நீ எறங்கு சகாதேவா. குழி இருபதடி. நீ நின்னு நடந்தாலும் அர நிமிசம். அர நிமிசம் நாங்க தாங்க மாட்டமா? வூட்டுக்கு ஒருத்தரு தொட்டித் தண்ணியில கால வெச்சிக்கினு குந்திக்கிறோம். நீ எறங்கற புண்ணியத்துல எங்களுக்கும் பங்கு வரும்ல?"

புண்ணியம் என்றதும் எல்லாருக்கும் முகம் தெளிந்துவிட்டது. சரிதானே, நாமும் தீ மிதித்த மாதிரிதானே என்றார்கள். கன்னியம்மா மோரில் கால் வைத்தால் இன்னும் நல்லது என்றாள். நானும் தலையாட்டினேன், சுகரு என்று எஸ்தர் சொன்னதைக் காதால் கேட்ட நான். சகாதேவன் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

தீமிதி அன்று சாயங்காலம் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஊரே கோயிலில் இருக்க, இங்கே வாசலுக்கு வாசல் ஒருவர் நாற்காலி போட்டு, வேட்டியையோ புடவையையோ முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேசிங்கு பால் கேனை அறுத்துச் செய்த தொட்டியில், கன்னியம்மா சொன்னபடி மோர் அண்டாவில், நான் என் மகள் குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய நீல நிற பிளாஸ்டிக் டப்பில். சிலர் கற்றாழைச் சோற்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள். எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம், ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் இரண்டாவது வீட்டு வாசல் மட்டும் காலியாக இருந்தது. முதலில் இறங்குகிறவர் காலை அவர் மனைவிதான் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதால், பூங்காவனம் சொம்போடு கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுக்கு வைக்க ஒரு தொட்டி இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அங்கே நடந்ததைச் சரளா கண்ணால் பார்த்தாள், நான் ஒலிபெருக்கியில் கேட்டேன். பம்பை அடித்தது. கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் முழங்கியது. பரிவட்டம் கட்டிய சகாதேவன் குழியின் முன்னால் வந்து நின்றார், கணுக்கால்வரை மஞ்சள் அப்பியிருந்தது. பூங்காவனம் நொண்டி நொண்டி வந்து, அவர் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, சொம்பைச் சாய்த்தாள். மற்ற வருஷங்களில் பேருக்கு நாலு சொட்டு தெளிப்பாள். இந்தத் தடவை சொம்புத் தண்ணீரை முழுசாக, நிதானமாக ஊற்றினாள், கையால் தேய்த்தாள். மஞ்சள் கரைந்து ஓடியது. விரல் வெளியே வந்தது.

கரியாக இருந்தது என்றாள் சரளா. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். பூங்காவனம் பொத்திக்கொள்ளவில்லை. அந்தப் பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, நாலு மாதமாகத் தன் காலில் எரிந்துகொண்டிருந்ததை முதல் தடவையாகப் பார்த்தாள். பூசாரி கையிலிருந்த மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் பேசியது ஊருக்கே கேட்டது.

"இதத்தான் நான் தூக்கிக்கினு நடந்தனா? டெட்டாலு ஊத்தறத ஏன் நிறுத்துனீங்க? எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது, ஆறும்னு நென்ச்சிக்கினு இருந்தனே."

"ஒனுக்கு வலிக்கும்னு..."

"எறங்கறதுன்னா எறங்குங்க. நான் தாங்கிக்கிறேன். ஆனா ஒரு தபா குனிஞ்சு பாத்துட்டு எறங்குங்க. நிறுத்துனதுலேந்து நீங்களும் இதப் பாக்கலதானே?"

அவர் குனிந்து பார்த்தார். செருப்புக் கடையில் முப்பது வருஷம் யார் யாருடைய கால்களையெல்லாமோ முகம் சுளிக்காமல் தொடையில் ஏந்திய மனிதர், தன் காலைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரம் பம்பை நின்றுவிட்டிருந்தது. பரிவட்டத்தை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினார். எங்கள் தொட்டிகளுக்கு நேர் மேலே கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அவருடைய குரல் வந்தது.

"எனுக்குச் சுடல. ஒம்போது வருசமா சுடல. அது அம்மன் அருளு இல்லீங்க. சக்கர. எனுக்குப் பதினோரு வருசமா சக்கர வியாதி. காலு செத்துப் பூடுச்சி. நீங்கள்லாம் வுழுந்து கும்புட்டது செத்த கால. வெக்கமா இருந்துச்சி, சொல்லல. மன்னிச்சிக்கோங்க."

பத்து வாசலில் ஒன்பது பேர் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு அதைக் கேட்டோம். வலி வரும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோமே, அது வரவில்லை. வேறொன்று வந்தது. முகம் சுட்டது, காது சுட்டது, தொட்டித் தண்ணீர் அதற்கு உதவவில்லை.

சற்று நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் தெருவுக்குள் வந்தார்கள். பூங்காவனம் நேராக, அழுத்தமாக, இரண்டு காலையும் ஊன்றி நடந்து வந்தாள். சகாதேவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் வைக்க முடியாமல், ஒவ்வொரு அடிக்கும் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு நொண்டி வந்தார். அந்த ஒரு விரலின் வலி அவருக்கே திரும்பி வந்திருந்தது. நாலு மாத வலி, மொத்தமாக. கன்னங்களில் கண்ணீர் ஓடியது, ஆனால் அவர் முகத்தை மறைக்கவில்லை. எங்கள் ஒவ்வொரு வாசலையும் கடந்து போனார். எழுந்துபோய் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்கும். நாங்கள் ஒருவரும் தொட்டியிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் வீட்டுக் கதவு சாத்திய பிறகுதான் எடுத்தோம்.

பரிவட்டம் அன்றைக்கே மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. தேசிங்கு மூன்று நாள் கடை திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்ததும் முதல் டீயைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சக்கரை போடாத டீ. விரலை எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகத் திரும்பி வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது எங்களில் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை, நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரோடு வீடு திரும்பிய அன்று பூங்காவனம் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவி மெட்டியை எடுத்து, வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். அவருக்கு இல்லாத விரலில் அவளுக்கு அது பளபளவென்று இருந்தது.

மற்ற ஒன்பது விரல்களின் வலி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அந்த நரம்புகள் இனி திரும்பாது என்று எஸ்தர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்குப் பத்து விரல் தெரு என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள், இப்போது தபாலிலேயே அப்படித்தான் வருகிறது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் இரண்டாவது வீட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் மத்தியானம் கடையில் நின்றிருந்தபோது என் வலது கால் நாலாம் விரலில் சுருக்கென்றது. கடையைப் பூட்டிவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சகாதேவன் வாசலில் ஸ்டூல் போட்டு, செருப்போடு, மடியில் ஒரு கை கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, வலது காலு. நாலாம் வெரலு."

அவர் செருப்பைக் கழற்றினார். நான் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவருடைய காலை எடுத்து என் தொடைமேல் வைத்துக்கொண்டேன். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாலாம் விரலுக்கடியில் செருப்புத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேல முள் ஏறியிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா ஏழுமல?" என்றார்.

"வலிக்குதுண்ணா" என்றேன். அதற்கு மேல் சொல்ல நினைத்ததை, அந்த டீக்கடையில் தலையாட்டியதைப் பற்றிச் சொல்ல நினைத்ததை, என்னால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, துணியை நனைத்து முள் ஏறிய இடத்தைத் துடைத்தேன், விரல் விரலாகத் துடைத்தேன், தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.